பட்டணத்தில் குப்பை கொட்டியவர்

கண்ணாடிக்காரர் தன் வாழ்க்கையில் ஒரே ஒரு பொய்தான் சொன்னார். மற்றதெல்லாம் அந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காகச் சொன்னவை. அவற்றைப் பொய்யோடு சேர்க்கக் கூடாது என்பது அவர் கட்சி.

அந்த ஒரு பொய் இதுதான்: "நான் பட்டணத்துல மூணு வருஷம் குப்பை கொட்டினவன்."

அடேயப்பா, அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு மனுஷன் பதினைந்து வருஷம் குடும்பம் நடத்திவிட்டார்! ஜன்னலுக்கு நீலத் திரையா, பச்சைத் திரையா என்று வீட்டில் பேச்சு வரும். "பட்டணத்துல எல்லாரும் பச்சைதான் போடறாங்க. மூணு வருஷம் குப்பை கொட்டினவன் சொல்றேன்" என்பார். பச்சைத் திரை தொங்கும். குழாய் ரிப்பேருக்கு வந்தவரிடம் சொல்வார், மகளின் கணக்கு வாத்தியாரிடம் சொல்வார், பல் பிடுங்க வாயைத் திறந்துகொண்டே பல் டாக்டரிடமும் சொல்வார். பேச்சு எங்கே ஆரம்பித்தாலும் பட்டணத்துக் குப்பையில் போய்த்தான் முடியும்.

உண்மை என்ன? இருபத்திரண்டு வயதில் லென்ஸ் தேய்க்கும் வேலை கற்றுக்கொள்ள எங்கோ ரயிலில் போனார். வழியில் பட்டணம். ரயில் அங்கே மூன்று நிமிஷம் நின்றது. தண்ணீர் பிடிக்க இறங்கினார். குழாயில் தண்ணீர் வரவில்லை. ஏறிவிட்டார். அவ்வளவுதான் அவருடைய பட்டண வாசம். அந்த மூன்று நிமிஷம் நண்பர்களிடம் சொல்லும்போது மூன்று மாசமாயிற்று. கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணோடு முதன்முதலாகப் பேசிய அன்று எப்படியோ மூன்று வருஷமாகிவிட்டது. எப்படி ஆயிற்று என்று அவருக்கே ஞாபகமில்லை.

தொழிலில் கெட்டிக்காரர், அதில் சந்தேகமே வேண்டாம். முன்னறையில் பிரேம்கள், பின்னறையில் இருட்டும் எழுத்து அட்டையும். ஊருக்கே தூரப் பார்வை, கிட்டப் பார்வை எல்லாம் பார்த்துச் சொல்வார். பக்கத்தில் இருக்கிற மனைவி மட்டும் அவர் பார்வைக்கு எட்டுவதில்லை.

குளிர்கால விடுமுறைக்கு ஒரு வாரம் இருக்கும்போது ஒரு கடிதம் வந்தது. மனைவி அதைப் படித்துவிட்டு அவரிடம் நீட்டினாள். பதின்மூன்று வயது மகள் பின்னால் நின்று விரல் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். பட்டணத்து ஓவியப் பள்ளியில் அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. விடுதியும் அங்கேயே. வருகிற கோடையில் சேர வேண்டும்.

கண்ணாடிக்காரருக்குத் தூக்கி வாரிப் போட்டது.

"யாரைக் கேட்டு எழுதிப் போட்டீங்க?"

"உங்களைத்தாங்க. 'ஒரு மனு போடட்டுமா'ன்னு கேட்டேன். 'போடு போடு'ன்னு சொன்னீங்க."

"நான் சட்டையில பட்டன் போடறதைச் சொன்னேன்!"

"பட்டனும் போட்டுட்டேன்."

"முடியாது. பட்டணம் நமக்கு ஒத்து வராது. என் பொண்ணு அந்தக் கூட்டத்துல தொலைஞ்சு போயிடுவா. மூணு வருஷம் குப்பை..."

"கொட்டினவர் சொல்றீங்க. சரி."

இங்கே ஒன்று சொல்லிவிட வேண்டும். மனுஷன் பிடிவாதக்காரர் இல்லை. பள்ளிக்கூடம் விட்டதும் மகள் நேரே கடைக்கு வருவாள். மூலையில் உட்கார்ந்து, கண்ணாடி போட வருகிறவர்களின் மூக்கை மட்டும் வரைவாள். கடை சாத்தியதும் அப்பாவும் மகளும் அந்த மூக்குகளை எடுத்து வைத்துக்கொண்டு, "இது தபால்காரர்", "இது ஜட்ஜ் வீட்டம்மா" என்று கண்டுபிடித்து, வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். அவள் போய்விட்டால் சாயங்காலத்தில் அவர் யாரோடு சிரிப்பார்? இதை அப்படியே வாய்விட்டுச் சொல்லியிருந்தால் கதையே வேறு. ஆனால் அவர் வாயில் பட்டணம்தானே வரும்!

"இங்க பாரு, இந்த லீவுல நாலு நாள் உங்களை அங்க கூட்டிட்டுப் போறேன். என் கண்ணால பட்டணத்தைப் பாருங்க. பார்த்துட்டு, வேணாம்னு நீங்களே சொல்லுவீங்க."

மனைவி துணி மடிப்பதை நிறுத்தினாள். "சரிங்க, ஒரு பந்தயம். போய் இறங்கினதுல இருந்து திரும்ப ரயில் ஏறற வரைக்கும் நீங்கதான் வழிகாட்டி. யார்கிட்டயும் 'எது எங்க இருக்கு'ன்னு ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. கேட்கலைன்னா உங்க பேச்சுதான் கடைசிப் பேச்சு. பொண்ணு இங்கயே படிக்கட்டும். ஒரே ஒரு தடவை கேட்டுட்டாலும் பள்ளியில சேர்க்கற பாரத்துல நீங்க கையெழுத்துப் போடணும்."

"என்ன, என்னையே சோதிக்கறியா? உனக்குக் குளிர் விட்டுப் போச்சு!"

"எங்கங்க விட்டுச்சு? இப்பத்தானே குளிர்காலமே ஆரம்பிக்குது."

ரோஷத்தில் "சரி" என்றுவிட்டார். சொன்ன பிறகுதான் யோசித்துப் பார்த்தார். பட்டணத்தில் அவருக்குத் தெரிந்தது ஒரே ஒரு குழாய். அதிலும் தண்ணீர் வராது.

மறுநாள் பழைய புத்தகக் கடையில் ஒரு பட்டணத்து வரைபடம் வாங்கினார். வீட்டில் விரிக்க முடியாதே! பின்னறையில், எழுத்து அட்டைக்கு மேலேயே மாட்டிவிட்டு, வாடிக்கையாளர் இல்லாதபோதெல்லாம் மனப்பாடம் செய்தார். ஒருநாள் கழற்ற மறந்துவிட்டார்.

"கடைசி வரியைப் படிங்க" என்றார் கண் பரிசோதனைக்கு வந்த பெரியவரிடம்.

"ரயில் நிலையம், தெற்கு வாசல்" என்றார் பெரியவர்.

"பேஷ்! அதுக்கு அடுத்தது?"

"மணிக்கூண்டு முக்கு. ஏன் தம்பி, எனக்குக் கண்ணாடி வேணுமா, டிக்கெட் வேணுமா?"

வரைபடம் மட்டும் போதாது, பட்டணத்தில் தன்னைத் தெரிந்த ஒரு ஆளும் வேண்டும் என்று தோன்றியது. அவர் கடைக்குப் பிரேம் அனுப்பும் மொத்த வியாபாரி பட்டணத்தில்தான் இருந்தார். பத்து வருஷமாகப் போனிலேயே பழக்கம். முகம் பார்த்ததில்லை. அவரைக் கூப்பிட்டார்.

"ஒரு சின்ன உதவி. நாங்க ரயில்ல வந்து இறங்கறப்ப, ரொம்ப நாள் பழகினவர் மாதிரி என்னைப் பார்த்து நாலு வார்த்தை பேசணும். என் வீட்டுக்காரி காதுல விழற மாதிரி."

"அன்னைக்கு நான் ஊர்ல இல்லையே. கடையில ஒரு சேல்ஸ்மேன் இருக்காரு, அனுப்பறேன். எதைச் சொன்னாலும் அச்சுப் பிசகாமச் சொல்லுவாரு. உங்களை எப்படி அடையாளம் கண்டுபிடிக்கிறது?"

"பச்சை மப்ளர் போட்ட ஆள்னு சொல்லுங்க."

அந்த அடையாளத்தையும் பேச வேண்டிய வசனத்தையும் கண்ணாடிக்காரரே ஒரு சீட்டில் எழுதி, அடித்துத் திருத்தி, போனில் மூன்று தடவை வாசித்துக் காட்டினார். சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அன்று இரண்டு மடங்கு சாப்பிட்டார்.

விடுமுறையும் வந்தது. ரயில் காலை எட்டு மணிக்குப் பட்டணத்தில் போய் நின்றது. கதவைத் திறந்ததும் குளிர் பளாரென்று கன்னத்தில் அறைந்தது. பெட்டிகளை இறக்கிவிட்டு, பச்சை மப்ளரை நன்றாகத் தெரியும்படி இழுத்துவிட்டுக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நின்றார் நம் ஆள்.

"என்னங்க, காது அடைக்குது. அந்த மப்ளரைக் கொடுங்க."

"எதை? இதையா? இது... ஆம்பளை மப்ளர்."

"குளிருக்கு ஆம்பளை பொம்பளை தெரியுமா? கொடுங்க."

"எனக்கும் குளிருதே!"

"உங்களுக்கா? பட்டணத்துக் குளிர்ல பச்சைத் தண்ணியில குளிச்சேன்னு சொல்லுவீங்களே. மூணு வருஷம்..."

கழற்றிக் கொடுத்தார். மனைவி அதைத் தலையோடு சுற்றிக் கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டாள். அவள் முடிச்சுப் போட்டு முடிக்கவும், தொளதொளவென்று கோட்டுப் போட்ட ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வரவும் சரியாக இருந்தது.

"அடடே! நீங்களா!" என்று கைகூப்பினார் வந்தவர். கண்ணாடிக்காரரைப் பார்த்து இல்லை. மப்ளரைப் பார்த்து. "இந்த ஊர்ல மூணு வருஷம் குப்பை கொட்டிட்டு, எங்களையெல்லாம் ஒரேயடியா மறந்துட்டீங்களே! நீங்க போனதுக்கப்புறம் இந்த ஊருக்குக் களையே இல்லை!"

மனைவி கண்ணைக்கூடக் கொட்டவில்லை.

"மறப்பேனா? நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா?"

சேல்ஸ்மேன் திருதிருவென்று விழித்தார். சீட்டில் அதற்கு மேல் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. "சௌக்கியம்" என்று மெல்ல முணுமுணுத்தார்.

அவருடைய கவனத்தைத் தன் பக்கம் திருப்பக் கண்ணாடிக்காரர் மனைவிக்குப் பின்னால் நின்று கண்ணடித்தார். புருவத்தைத் தூக்கினார். தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். மறுபடியும் கண்ணடித்தார்.

"ஐயா, உங்க கண்ணுல ஏதோ கோளாறு போலிருக்கே" என்றார் சேல்ஸ்மேன் பரிதாபமாக. "எங்க கடையில நல்ல கண்ணாடி இருக்கு. இந்தாங்க கார்டு." ஒரு கார்டை அவர் கையில் திணித்துவிட்டு, விட்டால் போதும் என்று போய்விட்டார்.

"யாரும்மா அது?" என்றாள் மகள்.

"யாரோ. மரியாதையாப் பேசினாரு, நானும் பேசினேன். வழிகாட்டி ஐயா, கிளம்பலாமா?"

வரைபடத்தின்படி தெற்கு வாசலில் வெளியே வந்து மூன்றாவது தெருவில் திரும்ப வேண்டும். தெற்கு வாசலைக் காணோம். அது இருந்த இடத்தில் துணிக்கடை இருந்தது. வரைபடம் எந்தக் காலத்தது என்று பார்க்காமல் வாங்கிவிட்டார் பாவி மனுஷன். எல்லாருக்கும் லென்ஸ் வைத்துப் பார்ப்பவர், மூலையில் பொடி எழுத்தில் இருந்த வருஷத்தைப் பார்க்கவில்லை. வரைபடம் அவரைவிட நாலு வயது மூத்தது.

ஆனால் அவர் கலங்கவில்லை. கலங்காத மாதிரி நடந்தார். அரை மணி நேரம் நடந்து, வாசலில் ஆளுயர பூட்ஸ் வைத்த ஒரு செருப்புக் கடைக்கு வந்தார்கள். இன்னும் அரை மணி நேரம் நடந்தார்கள். ஆளுயர பூட்ஸ் வந்தது.

"அப்பா, இதே கடை முன்னாடியே வந்துச்சு."

"பட்டணத்துல எல்லாச் செருப்புக் கடையும் இப்படித்தான் இருக்கும். உனக்குத் தெரியாது."

மூன்றாம் தடவை வந்தபோது மகள் அந்த பூட்ஸை வரைந்தே முடித்துவிட்டாள். கடைக்காரர் அவர்களுக்காக நாற்காலி எடுத்துப் போட்டிருந்தார்.

கண்ணாடிக்காரரின் நாக்கு நுனியில் "தங்கும் விடுதி எந்தப் பக்கம்?" என்ற கேள்வி துடித்தது. பல்லைக் கடித்து உள்ளே தள்ளினார். மகளின் மூக்குப் படங்கள் கண் முன்னால் வந்தன. மாட்டேன், செத்தாலும் கேட்க மாட்டேன்.

"என்னங்க, அந்த வலது பக்கத் தெருவுல நல்ல வெயில் அடிக்குது. அப்படியே கொஞ்சம் நடக்கலாமா?" என்றாள் மனைவி.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்."

"அதோ அந்தக் கம்பளிக் கடையைப் பார்த்துட்டுப் போகலாமே."

"அதுவும் நம்ம வழிதான்."

கம்பளிக் கடைக்கு அடுத்த கட்டடம் அவர்கள் தங்க வேண்டிய விடுதி! கண்ணாடிக்காரருக்கே அதிர்ச்சி. பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, "பார்த்தியா! கண்ணைக் கட்டி விட்டாலும் வருவேன்" என்றார். மனைவி மப்ளருக்குள் இருமினாள். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

சாப்பிட்டு இளைப்பாறி, மதியம் பூங்கா பார்க்கக் கிளம்பினார்கள். வந்து நின்ற பஸ்ஸில் ஏறிவிட்டார், பூங்காவுக்குப் போகாத பஸ் பட்டணத்தில் இருக்காது என்ற நம்பிக்கையில். எண்ணைக்கூடப் பார்க்கவில்லை. மனைவிதான் பார்த்துவிட்டு ஏறினாள். நாற்பத்தேழு.

இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். நரைத்த மீசையோடு டிக்கெட் பரிசோதகர் ஏறினார். ஒவ்வொருவர் டிக்கெட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தவர், பச்சை மப்ளர் முன்னால் வந்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"நாப்பத்தேழு!" என்று கத்தினார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. "அட, நம்ம நாப்பத்தேழு! மூணு வருஷம் எங்களோட குப்பை கொட்டிட்டு, ஒரேயடியா மறந்துட்டியேம்மா!"

கண்ணாடிக்காரர் பதறி எழுந்தார். ஐயோ, வியாபாரி இரண்டு ஆள் அனுப்பிவிட்டாரா! மனைவியின் காதோடு, "முதல்ல அந்த மப்ளரைக் கழட்டு" என்றார். பிறகு பரிசோதகரின் கோட்டைப் பிடித்து இழுத்து, "போதும் ஐயா. உங்களுக்கு ஆள் மாறிப் போச்சு. நான்தான் அது" என்று கிசுகிசுத்தார்.

"எது?"

"குப்பை கொட்டினவன்."

"மாநகராட்சியிலயா?" என்றார் பரிசோதகர்.

மனைவி எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணே! நல்லா இருக்கீங்களா? முட்டி வலி தேவலையா?"

"அதை விடு. இன்னும் ஞாபகம் இருக்கா? எங்க, ஒரு தடவை சொல்லு."

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். அடுத்து வந்த குரலை அவர் பதினைந்து வருஷத்தில் கேட்டதேயில்லை. கணீரென்ற குரல். "மணிக்கூண்டு முக்கு, பழைய மார்க்கெட், ஓவியப் பள்ளி, பூங்கா வாசல், ஆத்துப் பாலம்! எறங்கறவங்க முன்னால வாங்க! படியில நிக்காதீங்க! உள்ள போங்க, உள்ள போங்க, உள்ள எடம் இருக்கு!"

படியில் நின்ற நாலு பேர் சட்டென்று உள்ளே போனார்கள். கண்ணாடிக்காரரும் போனார்.

பூங்கா வாசலில் இறங்கி, இருவரும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தார்கள். மகள் எதிரே புல்லில் உட்கார்ந்து படம் வரைய ஆரம்பித்தாள். மனைவி பையிலிருந்து ஆரஞ்சுப் பழம் எடுத்து நிதானமாக உரித்தாள்.

"நீ... கண்டக்டரா?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. மூணு வருஷம். நாப்பத்தேழாம் நம்பர் பஸ்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொன்னேனே. முதல் முதலா நாம பேசின அன்னைக்கு, 'நான் பட்டணத்துல மூணு வருஷம்'னு ஆரம்பிச்சேன். 'மூணு வருஷமா? நானும் மூணு வருஷம் குப்பை கொட்டினவன்'னு நீங்க ஆரம்பிச்சீங்க. இன்னும் முடிக்கலை."

மனுஷனுக்கு மூன்று மாசம் எப்படி மூன்று வருஷமாயிற்று என்று இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"என் கூடப் பொறந்த அண்ணனும் மூணு தடவை சொல்ல வந்தாரு. ஒவ்வொரு தடவையும் நீங்க அவருக்குப் பட்டணத்தைப் பத்திச் சொல்லி அனுப்பிட்டீங்க."

"அப்ப... காலையில அந்த ஆள்?"

"சட்டையைத் துவைக்கப் போட்டீங்களே, பையில சீட்டு இருந்துச்சு. பச்சைப் பொய்க்குப் பச்சை மப்ளர், பொருத்தமாத்தான் இருந்துச்சு. 'மப்ளர் போட்ட ஆள்'னுதானே எழுதியிருந்தீங்க? நானும் ஒரு ஆள்தானே. 'களையே இல்லை'ங்கறதுக்குக் 'கலையே இல்லை'ன்னு எழுதியிருந்தீங்க. அதை மட்டும் திருத்தி வெச்சேன்."

ஆரஞ்சுச் சுளை அவர் கையிலேயே இருந்தது. தின்னத் தோன்றவில்லை. மனைவி குரலைத் தணித்துக்கொண்டாள். "நீங்க ஏன் வேணாங்கறீங்கன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அவ இல்லாம வீடு வெறிச்சுனுதான் இருக்கும். ஆனா நான் இந்த ஊர்ல தனியா இருந்தேனே, தொலைஞ்சா போயிட்டேன்? உங்ககிட்டதானே வந்து சேர்ந்தேன்."

கண்ணாடிக்காரருக்குக் கண் கலங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எதிரே மகள் நாக்கைக் கடித்துக்கொண்டு, யாரோ ஒரு பட்டணத்துக்காரரின் மூக்கை வரைந்துகொண்டிருந்தாள். மனசு இளகி, சரியென்று சொல்லிவிடப் போனார். அதற்குள் ரோஷம் முந்திக்கொண்டது. எல்லாம் போயிற்று, பந்தயம் இன்னும் போகவில்லையே!

"அதெல்லாம் சரி. பேச்சுன்னா பேச்சு. நான் இதுவரைக்கும் யார்கிட்டயும் எது எங்க இருக்குன்னு கேட்டேனா?"

"கேட்கலை."

"இன்னும் மூணு நாள். பல்லைக் கடிச்சுட்டு இருந்துட்டா, என் பேச்சுதான் கடைசிப் பேச்சு?"

"ஆமாங்க. அதுல என்ன சந்தேகம்?" மனைவி ஆரஞ்சுத் தோலையெல்லாம் வழித்து ஒரு காகிதப் பையில் போட்டு அவரிடம் நீட்டினாள். "இதைப் போட்டுட்டு வந்துடுங்க. அப்படியே ஆத்துப் பாலம் வரைக்கும் போகலாம்."

ஜெயித்த மிடுக்கில் பையை வாங்கிக்கொண்டு எழுந்தார். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். மரங்கள்தான் இருந்தன.

"குப்பைத் தொட்டி எங்க இருக்கு?" என்றார்.

மகளின் பென்சில் நின்றது. "அப்பா!" என்று துள்ளி எழுந்தாள். கண்ணாடிக்காரர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். வார்த்தை வெளியே போய்விட்டது.

"நேராப் போய் இடது பக்கம் திரும்புங்க" என்றாள் மனைவி, பையிலிருந்து பாரத்தையும் பேனாவையும் எடுத்தபடி. "இன்னைக்காவது நிஜமாவே கொட்டிட்டு வாங்க."